இடப்பக்கத்துக் கைகாட்டி

ஒரே ஒரு ஊரிலே, ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு தண்டவாளம் ஓடுகிற அரக்கோணத்திலே, தணிகாசலம் என்று ஒரு ரயில் டிரைவர் இருந்தார், அவருக்கு அமிர்தவல்லி என்று ஒரு மனைவி இருந்தாள், அவர் போகிற வழியெல்லாம் பச்சையும் மஞ்சளுமாக விளக்குகள் எரிந்தன என்று கதையை ஆரம்பித்தால், கேட்கிறவர்கள் உம் கொட்டிவிட்டு, அப்புறம் என்பார்கள். அப்புறம் என்ன, விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. அவருக்குத்தான் ஓரத்து விளக்குகள் தெரியாமல் போயின. தெரியாமல் போவதும் தெரியாமல் போனது. அந்தத் தணிகாசலம்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சென்னையில் ரயில் அருங்காட்சியகத்துக்குள், கறுப்பும் சிவப்புமாகப் புதுப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருந்த ஒரு பழைய நீராவி இன்ஜினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். காலையில் அமிர்தவல்லி, "சும்மா வூட்லயே உக்காந்துனு இருந்தா எப்படி, வாங்க, மியூசியம் பாத்துட்டு வரலாம்" என்று யூனிட் ரயிலில் ஏற்றி, வில்லிவாக்கத்தில் இறக்கி, பஸ் பிடித்து, மியூசியம் வாசலை ஒட்டியிருக்கிற நிறுத்தத்தில் இறக்கி, டிக்கெட்டும் வாங்கி உள்ளே கொண்டுவந்து நிறுத்தின பிறகு, கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "பியூலாவ இங்க வரச் சொல்லியிருக்கேன்." இன்ஜினில் தனக்கு அசிஸ்டென்டாக இருந்தவளின் பெயரைக் கேட்டதும் பாட்டிலைத் திறக்காமலே மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா முறைக்கிறீங்க? வூட்டுக்கு வரச் சொன்னா நீங்க மொட்டை மாடிக்கு ஏறிடுவீங்க. இங்க எங்க ஏறுவீங்க, அந்த இன்ஜின் மேல ஏறுவீங்களா? அந்தப் பொண்ணுக்கு மதுரைக்கு மாத்தலாகிடுச்சு, இன்னிக்கு சாயங்காலம் வண்டி. போறதுக்குள்ள ரெண்டு வார்த்தை பேசிடுங்க. அவ்ளோதான் சொல்வேன்." அவ்வளவுதான் சொல்வேன் என்றவள் ஐஸ்கிரீம் கடைப் பக்கம் போய்விட்டாள். ரெண்டு வார்த்தை. எந்த ரெண்டு வார்த்தை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் சுட்டது. இது இரும்பின் சூடுதான், உள்ளே நெருப்பு இருக்கிற சூடு இல்லை. உள்ளே நெருப்பு இருந்தால் உள்ளங்கைக்கு அது தெரியும், ஒரு நடுக்கம் இருக்கும். இவர் நீராவி ஓட்டினவர் இல்லை, கரண்ட் இன்ஜின்தான், ஆனாலும் நின்றுகொண்டிருக்கிற இன்ஜின் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று கை வைத்துப் பார்க்கிற பழக்கம் எல்லா டிரைவருக்கும் இருக்கும். இது செத்து ரொம்ப நாளாகிவிட்டது. செத்ததற்கு இத்தனை அழகாக யாரும் பெயிண்ட் அடித்து அவர் பார்த்ததில்லை. அதன் முன்விளக்கு பெரிய வட்டக் கண்ணாக ஒன்றே ஒன்று நடுவில் இருந்தது. நேரே மட்டும் பார்க்கிற கண். என்னை மாதிரிதான், என்று நினைத்துக்கொண்டார். நேரே எல்லாம் சரியாகத் தெரிகிறது, இன்ஜின் நெற்றியில் எழுதியிருக்கிற நம்பர் தெரிகிறது, அதில் உட்கார்ந்திருக்கிற ஈ தெரிகிறது. ஓரத்தில்தான் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் இருட்டாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், டாக்டரிடம் போகிறவரை இவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். இருட்டு எல்லாம் இல்லை, கிழிந்த இடத்தில் மூளை தன்பாட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொள்ளும், சுவர் இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சுவர், வானம் இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வானம். அதனால்தான் மேஜை ஓரத்து காபி டம்ளரைத் தட்டிவிட்டபோதெல்லாம், எவன் இங்க வெச்சது என்று கத்தியிருக்கிறார். அமிர்தவல்லி இடப்பக்கமாக வந்து நின்றால் திடுக்கிட்டு, "ஏன்டி பேய் மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்ற" என்று வைதிருக்கிறார். அவள் ஒளியவே இல்லை. கொலுசு போட்டுக்கொள்கிற வயதைத் தாண்டியவள், இவருக்குக் கேட்கட்டும் என்று பெண்ணுடைய பழைய கொலுசை எடுத்துப் போட்டுக்கொண்டாள், போன தீபாவளியிலிருந்து. ஏன் கொலுசு என்று இவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. இதோ, ஐஸ்கிரீம் கடைப் பக்கம் இத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் அது கேட்கிறது. இவளுக்கே இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதில் பியூலாவுக்கு ரெண்டு வார்த்தை.

என்ன வார்த்தை. நன்றி என்றா. நன்றி என்று யார் யாரிடம் சொல்கிறார்கள். மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறவர்கள் கடைசியில் சொல்வார்கள், ஓட்டல் வாசலில் எழுதியிருக்கும், லாரிக்குப் பின்னால் எழுதியிருக்கும். வாயால் ஒரு ஆளைப் பார்த்து நன்றி என்று சொன்னதாக அவருக்கு ஞாபகமே இல்லை. தேங்க்ஸ் என்று சொல்லலாம், அது டீ கொண்டுவந்து வைக்கிறவரிடம்கூடச் சொல்கிறோம், டீக்குச் சொல்கிற அதே வார்த்தையை இதற்கும் எப்படிச் சொல்வது. இதற்கு என்றால் எதற்கு. அவள் செய்தது உதவியா, காட்டிக்கொடுத்ததா? இவ்வளவு மாதமும் காட்டிக்கொடுத்தவள் என்றுதானே அவளுக்குப் பெயர், இவர் வாயில். அங்கேயே வந்து நினைப்பு சிக்கிக்கொள்ளும். எங்கே சுற்றினாலும் ஆம்பூர் தாண்டின அந்த விடிகாலையில் வந்து நிற்கும். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் விஷயம். வேலையே வாயைத் திறப்பதுதான். டிரைவர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார், அசிஸ்டென்ட் வலப்பக்கம், எதிரே வருகிற ஒவ்வொரு சிக்னலையும் முதலில் கண்டவர் கையை நீட்டிக் காட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். கிரீன் என்றால் கிரீன். எல்லோ என்றால் எல்லோ. இரண்டு பேர் கண்ணும் இரண்டு பேர் வாயும் சேர்ந்தால்தான் பின்னால் தூங்குகிறவர்கள் தூங்கலாம். முன்னால் இருந்த அசிஸ்டென்டுகள் முணுமுணுப்பார்கள், சிலபேர் வெறும் கையை ஆட்டுவார்கள்; பியூலா அப்படி இல்லை, திருநெல்வேலிப் பக்கத்துச் சர்ச்சில் பாட்டுப் பாடி வளர்ந்த குரல், கிரீன் சார் என்று அவள் சொன்னால் கேபினே பச்சையாகிவிடும். ஆகிவிடும் என்பது பேச்சுக்கு இல்லை. அப்படித்தான் ஆனது. அவள் கிரீன் என்று சொன்னதும் இவருக்குப் பச்சை தெரிந்தது, தெரிந்தது என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார், கம்பத்தின் உச்சியில் பச்சைப் பொட்டு, அதைப் பார்த்துத்தான் கிரீன் என்று திருப்பிச் சொன்னார். காது கேட்டதைக் கண் பார்த்ததாக இவரிடம் வந்து சொல்லியிருக்கிறது. கண்ணை நம்பாமல் வேறு எதை நம்புவது. அந்த விடிகாலையில், மலைகளுக்கு மேல் வெளுத்துக்கொண்டு வந்த நேரத்தில், அவள் சும்மா இருந்தாள். இவரும் சும்மா இருந்தார். வண்டி போய்க்கொண்டிருந்தது. சந்தோஷமாகவே இருந்தது, பனிவாடை, யாரோ வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற மோட்டார்ச் சத்தம். அப்புறம், "டபுள் எல்லோ சார்" என்று அவள் குரல், எப்போதும் இல்லாத மாதிரி சின்னதாக. வேகத்தைக் குறை என்று சொல்கிற இரட்டை மஞ்சள். இவர் பிரேக்கைப் போட்டார், வேகம் இறங்கியது, அடுத்த சிக்னலுக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. ஏம்மா தூங்கிட்டியா என்று இவர்தான் கேட்டார். கேட்ட வாய் இது.

ஜோலார்பேட்டை ரன்னிங் ரூமில், அதுதான் டிரைவர்கள் படுத்து எழுந்திருக்கிற விடுதி, தட்டில் உப்புமா ஆறிக்கொண்டிருக்க அவள் வந்து எதிரே நின்றாள். "சார், நான் வேணும்னேதான் சொல்லல. இதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு மட்டம் லேட்டாச் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லாம நீங்க சொல்ல மாட்டேங்கீங்க. கண்ணக் காட்டிருங்க சார். நீங்களா போய்க் காட்டுனா மரியாதையா இருக்கும்." நேற்று வந்தவள் எனக்கே பரீட்சை வைக்கிறாயா என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார், பொம்பளை என்றும் அதில் ஒரு வார்த்தை வந்தது, சமையற்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவள் அழவில்லை. "அப்ப நான் எழுதிக் குடுத்துருவேன் சார்" என்றாள், சொன்னபடி எழுதியும் கொடுத்தாள். அடுத்த வருஷம் வர வேண்டிய மெடிக்கல் அந்த வாரமே வந்தது. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள், உள்ளே புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், வரும்போதெல்லாம் கையிலிருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். கொஞ்சம் அமுக்கினார். அப்புறம் வெளிச்சமே வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, "மிஷின் நின்னுடுச்சு போலக்கீது டாக்டர்" என்றார். பக்கத்தில் நின்றிருந்த டாக்டர் அம்மா தோளில் கை வைத்து, "இல்லைங்க. வந்துட்டே இருக்கு" என்றார். வந்துட்டே இருக்கு. இன்றைக்கும் சோறு பிசைகிறபோது, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருக்கிறபோது, அந்த ரெண்டு வார்த்தை வந்து நிற்கும். வெளிச்சங்கள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன, எத்தனை ராத்திரி, எத்தனை ஸ்டேஷன், வந்து வந்து இவர் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கின்றன, பின்னால் பக்கவாட்டு பெர்த்தில் குழந்தைகள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, புதுப்பெண் ஒருத்தி மருதாணிக் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, யாரோ ஒரு பெரியவர் ஸ்டேஷன் வந்துடுச்சா என்று எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டு, அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னால். முருகா. இன்ஜினிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று அதற்குத் தட்டிக்கொடுத்தார், அதற்கோ தனக்கோ. ஆகாமல் போன ஒன்றுக்கு ஒருத்தருக்கு எப்படி நன்றி சொல்வது. ஆகியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆகாததை யார் பார்த்தது. ரயில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, ஜனங்கள் இறங்கிப் போய்விட்டார்கள், அந்தப் புதுப்பெண் இந்நேரம் பிள்ளை பெற்றிருப்பாள்.

"வந்து நின்னுனே இருக்குது பாருங்க" என்று அமிர்தவல்லியின் குரல் கேட்டது. எங்கே என்று திரும்பினார். இடது தோளுக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், பியூலா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. யூனிபார்ம் இல்லாமல் ஆரஞ்சு நிறச் சுடிதாரில் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தாள், முதுகில் ஒரு பை. "நல்லா இருக்கீங்களா சார்" என்றாள். ம் என்றார். "வந்ததும் கூப்பிடலாம்னு பார்த்தேன். இன்ஜின் கூடப் பேசிக்கிட்டு இருந்தீங்க, அதான்." பேசினேனா என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. அமிர்தவல்லி மூன்று பேருக்கும் குச்சி ஐஸ் வாங்கி வந்திருந்தாள், சின்னப் பிள்ளைகள் மாதிரி மூன்று பேரும் அதைச் சப்பிக்கொண்டு நடந்தார்கள். மதுரையில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததா, கிடைச்சிருச்சுக்கா, மாப்பிள்ளை எப்ப வருவார், ரெண்டு மாசம் ஆகும், பிள்ளை எங்க, அம்மாட்ட, இனிமே நீயே டிரைவராமே, குட்ஸ் வண்டிதான்க்கா முதல்ல. பெண்கள் இரண்டு பேரும் அவரைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். குட்ஸ் வண்டி. இவரும் அதில்தான் ஆரம்பித்தார். நல்லது, குட்ஸ் ஓட்டினால் பொறுமை வரும், ஓரத்து லைனில் போட்டு வைப்பார்கள், கொக்கு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. அது இரண்டு வார்த்தைக்குள் வராது என்று விட்டுவிட்டார். இப்போது சொல்லலாம். இந்தப் பெட்டியைத் தாண்டின பிறகு சொல்லலாம். அந்தக் காலத்து முதல் வகுப்புப் பெட்டி, ஜன்னலுக்கு மரச்சட்டம், உள்ளே பித்தளைக் குமிழ், இதெல்லாம் துடைத்தவர் யார், இதன் சக்கரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கீறல் இருக்கிறதா என்று காது கொடுத்தவர் யார். அவர்களுக்கெல்லாம் யார் என்ன சொன்னார்கள். ராத்திரி மழையில் கேட்டைச் சாத்திவிட்டுப் பச்சை விளக்கைத் தூக்கிக் காட்டிய கேட்கீப்பர்கள், முகம் தெரியாது, விளக்கு மட்டும்தான் தெரியும், அவர்களுக்கு இவரும் பதிலுக்கு ஒரு கையைக் காட்டிவிட்டுப் போனார். அது போதும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். ஒரு கை. இப்படி நினைத்துக்கொண்டு போனவர், செல்போனைத் தூக்கிப் பிடித்துக் குடும்பத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆள் மேல் இடித்துவிட்டார். ஐஸ் அந்த ஆளின் சட்டையில் அப்பிக்கொண்டது. "யோவ் பெருசு, கண்ணு தெர்ல?" பியூலா பதறி முன்னால் வந்தாள், அதற்குள் அமிர்தவல்லி, "ஆமா நைனா, தெரியல அவருக்கு. ஒனக்குத் தெரியுதில்ல? நீ ஒதுங்கினா இன்னா, கொறைஞ்சா பூடுவ?" என்றாள். அந்த ஆள் இவர் முகத்தைப் பார்த்தான், சட்டையைப் பார்த்தான், "சரி வுடும்மா" என்று துடைத்துக்கொண்டு போய்விட்டான். தெரியல அவருக்கு. இத்தனை மாதத்தில் அவர் வீட்டில் யாரும் இதை உரக்கச் சொன்னதில்லை. சொன்னால் ஏதோ ஆகிவிடும் என்று அவர் நினைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாய் வந்து கீழே விழுந்த ஐஸை நக்கியது.

பொம்மை ரயிலில் ஒரு சுற்று போகலாம் என்றாள் அமிர்தவல்லி. "நான் ஏற மாட்டேம்பா, முட்டி மடங்காது, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டாள். இரண்டு இன்ஜின்காரர்கள் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பொம்மை ரயில் ஏறினார்கள். முன்பெட்டிதான் கிடைத்தது. பலகை சின்னது, முழங்கால் முகவாயில் இடிக்கிற மாதிரி. அவர் உட்கார்ந்தது இடப்பக்கம், அவள் உட்கார்ந்தது வலப்பக்கம். யாரும் சொல்லவில்லை, உடம்பு தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டாள். வண்டி பீப்பி ஊதிக்கொண்டு கிளம்பியது, பின்னால் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள். இரு, இது பொம்மை வண்டி, நடந்து போகிற நாய்க்கு வழிவிட்டுப் போகிற வண்டி, நெஞ்சே இரு. புங்கமரம் ஒன்று வந்தது, அதன் நிழல் மடியில் ஏறி இறங்கியது, வேலிக்கு அந்தப் பக்கம் செத்த இன்ஜின்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. இப்போது சொல்லிவிடலாம், இங்கே யாரும் இல்லை, இவளும் எழுந்து போக முடியாது, நானும் போக முடியாது. ஏம்மா, என்று ஆரம்பிக்க வேண்டும். ஏம்மா, அன்னைக்கு. அன்னைக்கு நான் பேசினது. இல்லை, நான் பேசினதில் ஆரம்பித்தால் அது என்னைப் பற்றிப் போய்விடும். அன்னைக்கு நீ. நீ எழுதிக் கொடுத்தது. இல்லை, எழுதிக் கொடுத்தது பெரிதில்லை, ஒரு காகிதம், யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதற்கு முன்னால். அவர் வலப்பக்கம் பார்த்தார். பியூலாவின் வலது கை மடியிலிருந்து பாதி எழுந்து நின்றது. விரல் முன்னால் நீளப் போய், நீளாமல், மடங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். எதையோ பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறாள். அந்த மௌனத்தை அவருக்குத் தெரியும். பனிவாடையும் மோட்டார்ச் சத்தமும் இருந்த அதே மௌனம், அன்றைக்கு அது இருந்ததே அவருக்குக் கேட்கவில்லை, இன்றைக்குக் காதை அடைக்கிறது. எங்கே, எந்தப் பக்கம். கழுத்தை இடப்பக்கமாகத் திருப்பினார். வேலி. இன்னும் திருப்பினார், ஆந்தை மாதிரி, தோள்பட்டைக்கு மேல் முகவாய் வருகிறவரை. வேலி, ஒரு செம்பருத்திச் செடி, அடி பெருத்த இரும்புக் கம்பம். கம்பத்தின் மேலே கண்ணை ஏற்றினார், கொஞ்சம் கொஞ்சமாக, ஏணியில் கால் வைத்து ஏறுகிற மாதிரி. உச்சியில் பழைய காலத்துக் கைகாட்டி. சிவப்புப் பலகைக் கை, வெள்ளைப் பட்டை. சரிந்து இறங்கியிருந்தது. வண்டி அதைத் தாண்டப் போகிற நேரம். "கைகாட்டி!" என்றார், அவ்வளவு உரக்கச் சொல்வார் என்று அவருக்கே தெரியாது, பின்னால் பிள்ளைகள் கத்தலை நிறுத்திவிட்டார்கள். கை தானாக நீண்டிருந்தது. "இடப்பக்கம் கைகாட்டி. இறங்கியிருக்கு. வண்டி போகலாம்." பியூலா திரும்பி, எம்பி, தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். "இறங்கியிருக்கு சார். போகலாம்." பின்பெட்டியிலிருந்து ஒரு சின்னக் குரல், "போலாம் ரைட்" என்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரும் வந்தது, இரண்டையும் ஒரே துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப லேட்டு" என்றார் அவர். "இருந்தாலும் பார்த்தேன்." "பார்த்தீங்க சார்." "நீ சொல்லியிருந்தா உடனே தெரிஞ்சிருக்கும்." "அதான் சார் சொல்லல." அதான் சார் சொல்லல. அவருக்குள் எங்கோ சுற்றிச் சுற்றிச் சிக்கிக்கொண்டிருந்த நூல் அந்த இடத்தில் விட்டது. அவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஏம்மா, அன்னிக்கு நீ வாயைத் தெறக்காம இருந்த இல்ல? அதுக்குத்தான்." அவ்வளவுதான் வந்தது. அதுக்குத்தான் என்ன என்று அவள் கேட்கவில்லை. வண்டி வளைவில் திரும்பி நிழலுக்குள் வந்தது. பிறகு அவள் மெதுவாக, "அன்னைக்கு என் கை எங்க இருந்துச்சுன்னு தெரியுமா சார்?" என்றாள். வலது கையை எடுத்து இரண்டு பேருக்கும் முன்னால், ஒன்றுமில்லாத இடத்தில், ஒரு பிடியைப் பற்றுகிற மாதிரி மூடிக் காட்டினாள். அசிஸ்டென்ட் பக்கத்து எமர்ஜென்சி பிரேக். "இதப் பிடிச்சுக்கிட்டேதான் சும்மா இருந்தேன். உள்ள ஜெபம் ஓடுது. சார் சொல்லிரணும், சார் சொல்லிரணும்னு. நீங்க தோத்துறணும்னு இல்ல சார், நீங்க சொல்லிரணும்னுதான்." அவர் அந்த மூடின கையைப் பார்த்தார். அதைப் பார்க்கத் திரும்ப வேண்டியிருக்கவில்லை, அது நேரே இருந்தது. இந்தக் கைதான். பெர்த்தில் தொங்கின காலெல்லாம், மருதாணிக் கையெல்லாம், ஸ்டேஷன் வந்துடுச்சா என்று எழுந்து பார்த்த பெரியவர் எல்லாம் அந்த நேரத்தில் இருந்தது இந்தக் கைக்குள், நானும் அதற்குள்தான் இருந்திருக்கிறேன், சந்தோஷமாக, பனிவாடை பிடித்துக்கொண்டு. இருந்ததுகூடத் தெரியாமல். பரவாயில்லை. தெரியாமல் இருந்தவனையும் சேர்த்துத்தான் பிடித்திருந்தது. "வாயில ஏதோ பொம்பளைன்னு கிம்பளைன்னு சொன்னேன்" என்றார். "சொன்னீங்க" என்றாள் அவள். "சமையற்காரண்ணன் இன்னும் கேப்பாரு, சார் கோபம் ஆறிட்டாரான்னு." "ஆறிட்டார்னு சொல்லு." "நீங்களே சொல்லுங்க சார், நான் மதுரை போறேன்." பொம்மை ரயில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. அமிர்தவல்லி பெஞ்சிலிருந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தபோது பியூலாவுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே போட்டிருந்த நடைபாதை நேராக வாசலுக்குப் போகும், வாசலைத் தாண்டினால் நேரே எதிரே ஒரு நீளமான தெரு, பஸ் நிறுத்தம் வாசலை ஒட்டி இடப்பக்கம். அமிர்தவல்லி ஒரு டப்பாவில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள், அதை அவள் பைக்குள் திணித்து, "ரயில்ல சாப்பிடு, டப்பாவத் திருப்பித் தர்ற சாக்குலயாவது வா" என்றாள். "வாரேன்க்கா. வாரேன் சார்." தணிகாசலம் தலையை ஆட்டினார். அமிர்தவல்லி எப்போது வந்தாளோ, அவருடைய இடப்பக்கம் நின்று முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் திடுக்கிடவில்லை, கொலுசு கேட்டிருந்தது. அந்தக் கையின் மேல் தன் இன்னொரு கையை வைத்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இப்ப" என்றாள். "சும்மா" என்றார். பியூலா திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள். நடைபாதையின் ஓரமாக, வருகிற கூட்டத்துக்கு வழிவிட்டு, ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். ஓரமாகப் போகப் போக அவருடைய பார்வை வட்டத்தின் விளிம்புக்குப் போனாள், பாதி ஆரஞ்சு போனது, மீதியும் போகப் பார்த்தது. "பியூலாம்மா" என்று கூப்பிட்டார். அவள் நின்று திரும்பினாள். "நடுவுல நேரா போம்மா. ஓரமாப் போனா எனக்குத் தெரியாது." அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு நடைபாதையின் நட்டநடுவுக்கு வந்து, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்தாள். எதிரே வந்தவர்கள் இரண்டு பக்கமும் விலகிப் போனார்கள். இப்போது முழுசாகத் தெரிந்தாள். வாசலை அடைந்தாள், வாசலைத் தாண்டினாள். இடப்பக்கம் நிறுத்தத்தில் அவள் ஏற வேண்டிய பஸ் வந்து உறுமிக்கொண்டு நின்றது, அது அவருக்குக் காதில் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரோட்டைக் குறுக்கே கடந்து, எதிர்த் தெருவுக்குள் நுழைந்து, நடுவிலேயே, நேராக, ஆரஞ்சு நிறம் ஒரு பொட்டாகி, அந்தப் பொட்டும் வெயிலில் கரைகிறவரை போய்க்கொண்டே இருந்தாள்.